நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தால்: வளர்ச்சித் திட்டங்களும் அரசியல் சாசனமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையம், எட்டுவழிச் சாலை, சிப்காட், ரயில் பாதை என்று எது வந்தாலும் முதலில் தேவைப்படுவது நிலம். அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒருவர் நாற்று விட்டிருப்பார், இன்னொருவர் கடன் வாங்கிக் கிணறு வெட்டியிருப்பார். ஊருக்கு ஊர் ஒரே சந்தேகங்கள்தான் கேட்கப்படுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள சட்டங்களை வைத்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

1. அரசாங்கம் நினைச்சா எங்க நிலத்தை எடுத்துக்கலாமா? சொத்துரிமைன்னு ஒண்ணு இல்லையா?

எடுக்கலாம். ஆனால் நினைத்தபடி எடுக்க முடியாது. அரசியல் சாசனம் வந்தபோது சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி, 300ஏ என்ற தனிப் பிரிவாக வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. அடிப்படை உரிமையாக இல்லாததால் சொத்துக்காக மட்டும் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கும் என்பதை 2024 மே 16 அன்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆட்சேபணையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காரணம் சொல்லி முடிவெடுக்க வேண்டும். பொது நோக்கத்துக்காக மட்டுமே எடுக்க வேண்டும். நியாயமான இழப்பீடு தர வேண்டும். இழுத்தடிக்காமல் குறித்த காலத்துக்குள் நடத்த வேண்டும். நிலம் முறைப்படி அரசின் கைக்கு வந்து நடவடிக்கை முழுமை பெற வேண்டும். இந்த ஏழில் ஒன்று விட்டுப்போனாலும் கேள்வி கேட்க இடம் உண்டு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஏழையே சுற்றி வரும்.

2. பொது நோக்கம்னா என்ன? தனியார் கம்பெனிக்கு எடுத்துக் கொடுக்கிறதும் பொது நோக்கமா?

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013-ஆம் ஆண்டு மத்திய நிலம் எடுப்புச் சட்டம் இதற்கு ஒரு பட்டியலே தருகிறது: ராணுவம், சாலை, பாசனம், தொழிற்பேட்டை, ஏழைகளுக்கான வீட்டுத் திட்டம் என்று நீளும். அரசு தன் பயன்பாட்டுக்கு எடுத்துத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள்ளும் திட்டத்துக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. அரசும் தனியாரும் கூட்டாகச் செய்வதென்றால் நிலம் இழந்து பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதமும், தனியார் நிறுவனத்துக்கென்றால் அவற்றில் 80 சதவீதமும் முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் மிகச் சில திட்டங்களே இந்தப் பாதையில் வருகின்றன. ஏன் என்பது அடுத்த பதிலில்.

3. எந்தச் சட்டத்துல எடுக்கிறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அது தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. நோட்டீஸின் முதல் பத்தியிலேயே சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கும். ஆட்சேபணைக்கான கெடு, முறையிட வேண்டிய இடம், சமூகத் தாக்க மதிப்பீடு (திட்டத்தால் ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய்வது) உண்டா இல்லையா என மூன்றும் அந்த எண்ணைப் பொறுத்தே மாறும்.

2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமென்றால் பாதை நீளமானது. முதலில் சமூகத் தாக்க மதிப்பீடும் ஊரில் பொது விசாரணையும், பிறகு நிபுணர் குழு. அதன் பின் 11-வது பிரிவு முதல்நிலை அறிவிக்கை வரும், ஆட்சேபணைக்கு 60 நாள் உண்டு. அறிவிக்கை வந்த 12 மாதத்துக்குள் 19-வது பிரிவு பிரகடனம், அதிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு என்று அலுவலகத்தில் சொல்லும், இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வாணை. இந்தக் கெடுக்கள் தாண்டினால், முறையாக நீட்டிக்கப்படாத பட்சத்தில், நடவடிக்கையே காலாவதியாகும். தேசிய நெடுஞ்சாலையென்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். 3ஏ அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். 3டி அறிவிக்கை வெளியான அன்றே நிலம் மத்திய அரசின் பெயருக்குப் போய்விடும். சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது.

மூன்றாவது, மாநிலச் சட்டங்கள்: தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மூன்றும் மத்தியச் சட்டத்தின் நடைமுறைக்கு உட்படாது என்று 105ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலை 3 அன்று அது செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் புதிய சட்டம் செல்லும் என்றது. விளைவு இதுதான்: சிப்காட்டுக்கோ மாநில நெடுஞ்சாலைக்கோ நிலம் எடுத்தால் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டப்படி கிடைக்கும். சம்மதம், சமூகத் தாக்க மதிப்பீடு, ஊரில் பொது விசாரணை மூன்றும் கிடையாது. பணம் முழுசாக வரும், வாய் மட்டும் பாதியாகிவிட்டது. எங்கள் பார்வையில் இது பெரிய இழப்பு. ஏனெனில் இந்தத் திட்டத்துக்கு இந்த இடம்தானா, இவ்வளவு நிலம்தானா என்று கேட்கும் ஒரே கட்டம் அந்த மதிப்பீடுதான்.

4. எனக்கு நோட்டீஸே வரல, பேப்பர்லதான் பார்த்தேன். அப்ப இது செல்லாதுதானே?

அப்படி நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ கட்டத்தில் வீடு தேடி நோட்டீஸ் வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அரசிதழில் வெளியிட்டு, அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட்டால் போதும், அதில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். 21 நாள் என்பது அரசிதழ்த் தேதியிலிருந்து ஓடும். பத்திரிகையில் நீங்கள் பார்க்கும்போது பாதிக் கெடு போயிருக்கலாம்.

மற்ற சட்டங்களில் தனி நோட்டீஸ் உண்டு. ஆனால் அது பட்டாவில் இருக்கும் பெயருக்கும் முகவரிக்கும்தான் போகும். இறந்துபோன தாத்தாவின் பெயருக்கு அனுப்பி, ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்து, புளியமரத்தில் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஊரில் அளவைக் கல்லோ சிவப்பு அடையாளமோ தெரிந்த அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் நிலம் எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் புல எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பதில் போதாது, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டுவிடுங்கள்.

5. ஆட்சேபணை மனுவுல என்ன எழுதணும்? ‘நிலத்தைத் தர மாட்டோம்’னு ஊரோட கையெழுத்துப் போட்டா போதுமா?

போதாது. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவுக்கு ஒரே வரியில் பதில் எழுதி மூடிவிட முடியும். ஊர் மனுவைக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக மனு கொடுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும்.

மனுவில் மூன்று வகை விஷயம் இருக்கட்டும். முதலாவது, உங்கள் நிலத்தின் விவரம். உதாரணமாக: ‘புல எண் 112/3பி, நஞ்சை, 0.40.5 ஹெக்டேர், இரு போகம், 40 அடி வட்டக் கிணறு, 5 எச்.பி. மின் இணைப்பு, காய்க்கும் தென்னை 22, காய்க்காதது 6.’ நோட்டீஸில் இருப்பதோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். 0.40.5 ஹெக்டேர் என்றால் ஒரு ஏக்கர். நோட்டீஸில் 0.35.0 என்று இருந்தால் 13 சென்ட்டுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. நஞ்சையைப் புஞ்சை என்று போடுவது, கிணற்றை விட்டுவிடுவது, உட்பிரிவைத் தவறாகக் குறிப்பது எல்லாம் சர்வசாதாரணம். இரண்டாவது, திட்டத்தின் மீதான ஆட்சேபணை: ஏன் இந்த நிலம் தேவையில்லை, பக்கத்தில் புறம்போக்கோ தரிசோ இருக்கிறதா, பாதையைச் சற்று நகர்த்தினால் எத்தனை வீடும் கிணறும் தப்பும். பல போக நஞ்சையைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறது 2013 சட்டத்தின் 10-வது பிரிவு. உங்கள் நிலம் அந்தச் சட்டத்தில் எடுக்கப்பட்டால் இதைக் கட்டாயம் எழுதுங்கள். மூன்றாவது, கேட்கும் ஆவணங்கள்: திட்ட அறிக்கை, வரைபடம், மாற்று வழிகளை ஆராய்ந்த குறிப்பு.

சேர்க்க வேண்டிய நகல்கள்: பட்டா, சிட்டா, மூன்று ஆண்டு அடங்கல், அ-பதிவேடு, புலப்பட நகல், கிரயப் பத்திரம், மின் கட்டண ரசீது. நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். ஐந்து ஆண்டு கழித்து உயர் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த முத்திரைதான்.

6. விசாரணைக்குப் போனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? புறக்கணிக்கிறதுதானே சரி?

ஆகாது. புறக்கணித்தால்தான் ‘வாய்ப்புக் கொடுத்தோம், வரவில்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள். போங்கள், பேசுங்கள், வக்கீலையும் அழைத்துப் போகலாம். பேசியதை எழுத்தாகவும் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது தலைப்பைப் படியுங்கள். ‘ஆட்சேபணையுடன் கலந்துகொண்டேன்’ என்று பெயருக்குப் பக்கத்தில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

விசாரணை பெயரளவுக்கு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் சிங்கூரே சாட்சி. 16-ஆம் பதிலில் விரிவாக.

7. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு. அண்ணன் தம்பிக்குள்ள பாகமும் ஆகல. என்ன செய்யறது?

இழப்பீடு வருவதற்குள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, எல்லா வாரிசுகளும் சேர்ந்து நிலம் எடுப்பு அலுவலரிடம் உரிமை கோரும் மனு கொடுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொடுப்பது நிறைய நடக்கிறது. அது அநியாயம். பின்னால் அவர்கள் ஆட்சேபித்தால் மொத்தப் பணமும் முடங்கும்.

பங்கில் தகராறு இருந்தால் அதிகாரி பணத்தை உங்களிடம் தர மாட்டார், தகராறைத் தீர்க்கும் அமைப்பில் கட்டிவிடுவார். அண்ணன் தம்பிச் சண்டை முடியும் வரை பணம் அங்கேயே கிடக்கும், நிலமோ போய்விடும். எனவே பங்கு விகிதத்தை மட்டுமாவது பேசி எழுதிக்கொள்ளுங்கள். முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு, 2013 சட்டத்தில், ஆட்சியரின் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

8. கடைசியா எவ்வளவுதான் வரும்? நாலு மடங்குன்னு சொல்றாங்களே?

நாலு மடங்கு என்பது எல்லோருக்கும் இல்லை. கணக்கு இப்படி. வழிகாட்டி மதிப்பு ஒன்று. அறிவிக்கைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அருகில் பதிவான, அதே வகை நிலத்தின் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. கிராமப்புறமென்றால் அதை 1 முதல் 2 வரையான ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பார்த்து மாநில அரசு அந்த எண்ணை நிர்ணயிக்கிறது. நகர்ப்புறத்துக்கு அது 1 மட்டுமே. அதோடு கிணறு, மரம், கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, கூட்டிய தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கை ஆறுதல் தொகையாகச் சேர்க்க வேண்டும். பெருக்கு எண் 2 ஆக இருந்தால்தான் நிலத்துக்கு நாலு மடங்கு.

ஒரு மாதிரிக் கணக்கு: ஏக்கர் வழிகாட்டி மதிப்பு 10 லட்சம். மூன்று ஆண்டில் எட்டுப் பத்திரங்கள்: 8, 9, 10, 12, 14, 15, 16, 20 லட்சம். மேல் பாதி 14, 15, 16, 20. சராசரி 16.25 லட்சம். பெருக்கு எண் 1.5 என்று வைத்தால் 24.375 லட்சம். கிணறும் தென்னையும் 3 லட்சம். ஆக 27.375. ஆறுதல் தொகையுடன் 54.75 லட்சம். இதோடு அறிவிக்கைத் தேதியிலிருந்து தீர்வாணை வரை, அல்லது நிலத்தைக் கைப்பற்றும் வரை, எது முந்தியோ அதுவரை சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் சேரும். இரண்டு ஆண்டென்றால் 3.9 லட்சம். மொத்தம் 58.65 லட்சம். தேசிய நெடுஞ்சாலைக்கும் இதே கணக்குத்தான்.

9. எல்லாரும் பத்திரத்துல விலையைக் குறைச்சுத்தானே போடுறோம். அப்ப நிஜ விலை எப்படிக் கிடைக்கும்?

கிடைக்காது. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடித்ததற்கு ஊரே சேர்ந்து கொடுக்கும் விலை அது. 2017 ஜூனில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டபோது வீடு வாங்குவோர் மகிழ்ந்தார்கள். நிலம் எடுப்பில் சிக்கியவர்களின் கணக்குக்கும் அதுவே அடிமட்டம் ஆனது.

இருந்தாலும் வேலை செய்ய இடமுண்டு. அதிகாரி எடுத்த பத்திரப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். அதில் விலை கூடிய பத்திரங்கள் ‘மனைக் கிரயம்’, ‘ஒப்பிட முடியாதது’ என்று அடிக்கப்பட்டிருக்கும். பதிவுத்துறையில் பக்கத்துப் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, விடுபட்ட பத்திரங்களின் சான்றிட்ட நகலை வாங்கி மனுவோடு வையுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து செய்தால் செலவு பெரிதாகத் தெரியாது. மரத்தைத் தோட்டக்கலைத் துறையும் கட்டடத்தைப் பொதுப்பணித் துறையும் மதிப்பிடுவார்கள். அவர்கள் வரும் நாளில் நீங்கள் நிலத்தில் இருங்கள். எண்ணிக்கை எழுதிய மகஜரைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

10. பேசித் தீர்த்துக்கலாம், சீக்கிரம் பணம் வரும்னு சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?

8-ஆம் கணக்கை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். பேச்சில் சொல்லும் தொகை அதைவிடக் கூடுதலென்றால் யோசிக்கலாம். குறைவென்றால் வேண்டாம். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கூடுதல் இழப்பீடு கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

வரியும் இருக்கிறது. 2013 சட்டத்தின்படியான இழப்பீட்டுக்கு அதன் 96-வது பிரிவின்படி வருமான வரி கிடையாது. தனியார் நிறுவனம் நேரடியாகப் பேசி வாங்கும் நிலத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் பணம் தரப்படுகிறது என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

11. பணத்தை வாங்கிட்டா கேஸ் போட முடியாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

எப்படி வாங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ரசீதில் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் பணமும் வரும், கூடுதல் கேட்கும் உரிமையும் நிற்கும். அந்த இரண்டு சொல் இல்லாமல் வாங்கினால் 2013 சட்டத்தில் 64-வது பிரிவின்படி முறையிடும் உரிமை போய்விடும். இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு பெரிய உரிமை தொங்குவது வருத்தத்துக்குரியது. பெரும்பாலோருக்கு இதை யாரும் சொல்வதும் இல்லை.

கெடுவும் குறுகியது. தீர்வாணை சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால் ஆறு வாரம்தான். தேசிய நெடுஞ்சாலையென்றால் நீதிமன்றம் அல்ல, மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர். ஆதாரங்கள் அனைத்தையும் அங்கேயே வைத்துவிடுங்கள். அதற்குமேல் மாவட்ட நீதிமன்றத்தில் தலையிட உள்ள இடம் மிகக் குறுகலானது. முன்பு நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஆறுதல் தொகையும் வட்டியும் மறுக்கப்பட்டன. ஒரே வயலில் பாதி சாலைக்கும் பாதி வேறு திட்டத்துக்கும் போனால் இரண்டுக்கும் இரு விதமாகப் பணம் வரும் நிலை இருந்தது. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2019 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை ரத்து செய்தது.

12. எங்களுக்குச் சொந்த நிலம் இல்ல, கூலி வேலைதான். குத்தகைக்குப் பயிர் வெச்சிருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?

உண்டு. மூன்று ஆண்டாக அந்த நிலத்தில் கூலியாகவோ குத்தகையாகவோ விளைச்சலில் பங்கு பெறும் வாரத்துக்கோ உழைத்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்தால் நீங்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அரசு ஒப்படை செய்த நிலத்தை வைத்திருப்பவர்களும் இதில் வருவார்கள். 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வேலை, அல்லது ஒருமுறை 5 லட்சம், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று ஒரு தேர்வு உண்டு. இடம்பெயர்ந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000, போக்குவரத்துக்கு 50,000, வீடு இழந்தால் வீடு. 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும், கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்ட பெண்களும் தனிக் குடும்பமாகக் கணக்கில் வர வேண்டும்.

பெயர் பட்டியலில் ஏறினால்தான் இதெல்லாம். கணக்கெடுப்பு நடக்கும் நாளில் வேலைக்குப் போயிருந்தால் பெயர் விட்டுப்போகும். நூறு நாள் வேலை அட்டை, குடும்ப அட்டை, குத்தகை ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் சீட்டு என்று அந்த ஊரில் இருந்ததைக் காட்டும் எதையும் எடுத்து வையுங்கள்.

13. கிராம சபையில தீர்மானம் போட்டா திட்டம் நின்னுடுமா?

சட்டப்படி தானாக நிற்காது. ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே முடிவை விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அங்கே பழங்குடியினரின் வன உரிமைச் சட்டம் துணை நின்றது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்புத் தரும், அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. மலையோரக் கிராமங்களில் வன உரிமைச் சட்டம் பொருந்தும். உரிமைகளைப் பதிவு செய்து முடிக்காமல் அங்கிருந்து யாரையும் வெளியேற்ற முடியாது. சமவெளியில் தீர்மானத்துக்குத் தடுக்கும் சட்ட வலு இல்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் திட்டம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்காகப் போடாமல் விடக் கூடாது. மதுரை அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்குப் பின்னால் கிராம சபைகளும் நெடும்பயணமும் சட்டமன்றத் தீர்மானமும் இருந்தன. தீர்மானத்தில் நாள், வந்தவர் எண்ணிக்கை, புல எண்கள், காரணங்கள் தெளிவாக இருந்தால் அது நீதிமன்றத்திலும் ஆவணமாகும்.

14. சுற்றுச்சூழல் அனுமதியே வராம கல்லு நட்டுட்டுப் போறாங்க. இது சரியா?

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கு இதைத்தான் கேட்டது. 277 கிலோமீட்டர் நீளத் திட்டம். 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கை வெளியிட முன் அனுமதி தேவையில்லை, பணி தொடங்குமுன் தேவை என்றது. ஆகவே கல் நடுவது மட்டும் தவறாகாது. ஆனால் இழப்பீடு தரும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றியதை இரண்டு நீதிமன்றங்களும் ஏற்கவில்லை, பழையபடி மாற்றச் சொன்னது அப்படியே நின்றது. உங்கள் சிட்டாவை மாதம் ஒருமுறை இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பை மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்கம், வீடியோ பதிவு, கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்தில் வாசிப்பது எல்லாம் விதி. வாசிக்காமல் எழுந்து போனால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

15. போராட்டம் பண்ணினா கேஸ் போட்டு உள்ள தள்ளுவாங்களோ?

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது சாசனத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை. ஆனாலும் 2023 நவம்பரில், செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்த சில நாளில் ஆறு பேர் மீதானதை அரசே விலக்கிக்கொண்டது. நிலம் தர மறுப்பவரைக் குண்டர் என்று அழைப்பதற்கு எந்த வளர்ச்சியும் நியாயமாகாது. கூட்டத்துக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி உயர் நீதிமன்றம் போங்கள். அளவையரைத் தொடாதீர்கள். அது ஒன்றே மொத்த வழக்கையும் திசை திருப்பிவிடும்.

16. ஒவ்வொருத்தரும் இப்படிக் கேள்வி கேட்டா நாடு எப்போ முன்னேறும்? சைனா மாதிரி வேகமா போக வேணாமா?

நிலம் எடுபடாத ஊரிலிருந்து அதிகம் வரும் கேள்வி. சாலையும் தொழிற்சாலையும் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. நடைமுறைதான் தாமதம் என்பதை மட்டும் ஏற்க முடியாது. சிங்கூரைப் பாருங்கள். 2006-ல் கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் அவசரமாக எடுக்கப்பட்டது. ஆட்சேபணைகள் பெயருக்குக் கேட்கப்பட்டன. 2008-ல் நிறுவனம் குஜராத்துக்குப் போய்விட்டது. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் எடுப்பு முழுவதையும் ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. தொழிற்சாலை பொது நோக்கமா என்பதில் இரு நீதிபதிகளும் மாறுபட்டார்கள், எடுப்பு செல்லாது என்பதில் ஒன்றுபட்டார்கள். வாங்கிய இழப்பீட்டை விவசாயிகள் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார்கள், பத்தாண்டுப் பிழைப்பு போயிற்றே. கான்கிரீட் கொட்டிய வயல் கைக்கு வந்தது. சில மாத விசாரணையை ஒழுங்காக நடத்தாததன் விலை, ஒரு தொழிற்சாலையும் பத்து ஆண்டும்.

2014 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஐந்து வகைத் திட்டங்களுக்குச் சம்மதத்திலும் சமூகத் தாக்க மதிப்பீட்டிலும் விலக்களிக்க வழி செய்தது. மூன்று முறை பிறப்பித்தும் நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற முடியாமல் 2015 ஆகஸ்டில் அது காலாவதியானது. உண்மையில் வேகம் வேண்டுமென்றால் அரசு செய்ய வேண்டியவை வேறு: பட்டாக்களை இற்றைப்படுத்துவது, நிலம் எடுப்புப் பிரிவில் அளவையர் காலியிடங்களை நிரப்புவது, தேவைக்கு மேல் நிலம் கேட்காமல் இருப்பது, பணத்தை முதலில் தருவது.

17. எடுத்த நிலத்தை வருஷக்கணக்கா சும்மா போட்டு வெச்சிருக்காங்க. திரும்பக் கேக்கலாமா?

2013 சட்டத்தில் எடுத்ததென்றால் கைப்பற்றிய ஐந்து ஆண்டில் பயன்படுத்தாத நிலம் உரிமையாளருக்கோ, அல்லது மாநில நில வங்கிக்கோ போக வேண்டும். அந்த ‘அல்லது’ அரசுக்குச் சாதகம். 3-ஆம் பதிலில் சொன்ன மாநிலச் சட்டங்களுக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் இழப்பீடும் மறுவாழ்வும் மட்டுமே வந்தன, இந்தப் பிரிவு வரவில்லை. எனவே மனுப் போடலாம், உறுதியாக நம்ப முடியாது.

18. எங்கப்பா காலத்துல பணமே தராம நிலத்துல ரோடு போட்டுட்டாங்க. இப்போ கேட்டா ‘ரொம்ப வருஷம் ஆச்சு’ங்கிறாங்க.

கேளுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் 1967-ல் எழுத்தறிவில்லாத ஒரு பெண்ணின் நிலத்தைச் சாலைக்காக எடுத்தார்கள். நோட்டீஸும் இல்லை, பணமும் இல்லை. பல ஆண்டு அனுபோகத்தால் நிலம் எங்களுடையதாகிவிட்டது என்று வாதிட்டது மாநில அரசு. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், குடிமக்களின் நிலத்தில் அரசு அப்படி உரிமை கொண்டாட முடியாது என்று சொல்லி, சட்டப்படி எடுத்ததாகவே கருதி இழப்பீடு தரச் சொன்னது. அப்போது அந்த அம்மாவுக்கு 80 வயது.

உங்களுக்குத் தேவையானவை: சாலை வருமுன் இருந்த பழைய அ-பதிவேடும் புலப்படமும் (மாவட்ட ஆவணக் காப்பறையில் நகல் மனு போட்டால் கிடைக்கும்), இன்றைய புலப்படம், அப்பாவின் கிரயப் பத்திரம் அல்லது கிஸ்து ரசீது. அந்தப் புல எண்ணில் எந்த ஆண்டு, எந்த எண்ணுள்ள தீர்வாணைப்படி இழப்பீடு தரப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘கோப்பு இல்லை’ என்று பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். பணம் தந்ததற்கு அரசிடம் ஆதாரமில்லை என்று அரசே எழுதித் தந்த தாள் அது.